மாவுதான் நூறு

“எந்திரிச்சாச்சா?”

“ஆச்சு. நீங்க சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு.”

ஒரு நாளைக்கு அந்த வீட்டில் புருஷன் பெண்சாதி பேச்சு இவ்வளவுதான். சில நாள் இதுவும் இருக்காது. அவர் பேக்கரியில் ராத்திரி ரொட்டி போடுகிறவர். விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். அவளுக்குத் துணி வெளுக்கும் கம்பெனியில் பகல் வேலை. அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவள் வந்து கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் எப்போது பார்த்தாலும் ஒரு ஜோடிதான் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒண்டிக்கட்டை யாரோ குடியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீடும் அப்படித்தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரே கட்டில். அவள் எழுந்த சூடு தலையணையில் ஆறுவதற்குள் அவர் தலை வைத்துவிடுவார். காலையில் அவள் தனக்கு ஒரு பிடி அரிசி வைத்து வடித்துக் கட்டிக்கொண்டு போவாள். அவர் தூங்கி எழுந்து, அவள் சமைத்தது ஆறிப்போயிருக்கும் என்று தனக்கு வேறாக ஒரு பிடி வைப்பார். தேத்தண்ணீரும் அப்படியே, இரண்டு தடவை.

தெருவில் அவருக்கு ரொட்டிக்காரர் என்று பெயர். அவளுக்குக் கம்பெனியில் மடிப்பக்கா என்று பெயர். ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். சூடான உருளைகளுக்குள் போய் விறைப்பாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, நடுவில் சந்தித்து மடிக்க வேண்டும். தனியாளாக மடித்தால் மூலை மூலையோடு சேராது. அந்த வேலையில் இவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த மாதம் விடாத மழை. வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டே இருந்தது. வெளுக்கிற கம்பெனியில் ஆவியும் வெளி ஈரமும் சேர்ந்து சுவரில் நீர் வடிந்தது. பேக்கரிக்காரனுக்கு அந்தப் புழுக்கம் வேறு விதமான தொல்லை. பிசைந்து வைத்த மாவு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே உப்பி நிற்கும். ஆள் ஓடி ஓடி வேலை செய்தால்தான் அதைப் பிடிக்க முடியும். ரொட்டிக்காரருக்கு ஐம்பத்தாறு வயது முடிந்துவிட்டது. ஓடினார். ஒரு நாள் விடியற்காலை, அடுப்புக் கதவைத் திறந்துவைத்து, தட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, நின்ற நிலையிலேயே கண்ணசந்துவிட்டார். முன்கை கதவில் சாய்ந்தது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் எழுந்து வந்துவிட்டானாம்.

அதிலிருந்து காலையில் செருப்பு மாட்டுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை கூடியது. கட்டைப் பிரித்து, மருந்து தடவி, புதுத் துணி சுற்ற வேண்டும்.

“எரியுதா?”

“இல்ல.”

“எரியலேன்னா ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?”

“பல்லு இருக்கு, கடிக்கிறேன்.”

அவள் சிரிக்கவில்லை. முடிச்சுப் போட்டு, கத்தரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள். அப்போதுதான் அவர் சொன்னார், ஏதோ பால்காரன் சொன்ன சேதியைச் சொல்வது போல:

“முதலாளி கேக்கிறாரு. பகல் வேலைக்கு மாறிக்கிறியான்னு. கேக், பிஸ்கட் போடுற பக்கம் ஒரு இடம் காலியாகுதாம்.”

ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக அவள் நின்றாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது. ராத்திரிச் சம்பளம் கிடையாது. அஞ்சுல ஒரு பங்கு போயிரும்.”

“எப்பச் சொல்லணும்?”

“மாசக் கடைசிக்குள்ள. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்னாரு.”

“யோசிப்போம்,” என்றாள்.

பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அவளுக்கு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வேண்டும் என்று அவள் சொல்லி, பாதி மாதத்தில் அரிசிக்குக் கை நீட்ட வேண்டி வந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தக் கை வெந்து கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து, அடுத்த தடவை கையோடு நிற்காது என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மனுஷரை ராத்திரியில் வீட்டில் படுக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

---

அவளோடு எதிரே நின்று மடிக்கிறவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் மெலிவு, வாய் கூர்மை.

“என்னக்கா, இன்னிக்கு மூலை சேர மாட்டேங்குது? மனசு எங்க இருக்கு?” விரிப்பின் இரண்டு முனையோடும் நடந்து வந்தாள் குண்டூசி.

மடிப்பக்கா சொன்னாள். விரிப்புக்கு ஒரு வாக்கியமாக, நடுவில் சந்திக்கும்போது மட்டும் பேசுவதுதான் அங்கே வழக்கம். மேற்பார்வையாளருக்குப் பேச்சுச் சத்தம் பிடிக்காது. ஐந்தாறு விரிப்பில் முழுக் கதையும் வந்துவிட்டது.

“இதுக்கா இவ்வளவு யோசனை? கணக்குப் போட்டுப் பாருங்க. இவ்வளவு வருது, இவ்வளவு போகுதுன்னு.”

“எங்க வீட்டுல ஏதுடி கணக்கு? ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. ரெண்டு பேரும் சம்பளத்த அதுல போடுவோம். வேணுங்கிறப்ப எடுப்போம். எதுக்கு எடுத்தேன்னு சொல்றதுக்கு எதிர்ல ஆள் இருந்தாத்தானே?”

“டப்பா தீந்து போச்சுன்னா?”

“மாசம் தீந்து போச்சுன்னு அர்த்தம்.”

சாப்பாட்டு நேரத்தில் குண்டூசி தன் போனை எடுத்தாள். “இங்க பாருங்க. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து மாசச் செலவு போடுறதுக்குன்னே வெச்சிருக்கான். சும்மா தட்டினாப் போதும். அதுவே கூட்டும், அதுவே கழிக்கும்.”

போனில் ஒரு ஆணும் பெண்ணும் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

“இவங்களுக்கு என்னடி கவலை, இப்படிச் சிரிக்கிறாங்க?”

“கணக்குப் போட்டுட்டாங்களாம், அதான். உங்க லட்சியம் என்னன்னு கேக்குதுக்கா. வீடு வாங்கணுமா, கார் வாங்கணுமா, வெளிநாடு போகணுமா?”

“மனுஷன் ராத்திரி தூங்கணும்.”

“அது இதுல இல்லியே.”

“சரி, கார்னு போடு.”

குண்டூசி தட்டிக்கொண்டே போனாள். கணவரின் மின்னஞ்சல் கேட்டது. ரகசிய எண் கேட்டது. கடைசியில் முப்பது நாள் இலவசம், அதற்கப்புறம் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை வந்து நின்றது.

“ஏண்டி, காசை மிச்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு மாசாமாசம் என்கிட்டயே காசு கேக்குதா?”

“அப்படித்தான் போல.”

“மூடு அதை. அந்தச் சோபாக்காரங்க ஏன் சிரிக்கிறாங்கன்னு இப்பத் தெரியுது.”

விட்டுவிடுகிற ரகம் இல்லை குண்டூசி. மறுநாள் தன் மகளிடம் சொல்லி ஒரு காகிதம் அச்சடித்துக்கொண்டு வந்தாள். ‘தம்பதியர் மாதத் திட்டம்’ என்று மேலே பூப்போட்டு எழுதியிருந்தது. அவர் வருமானம், அவள் வருமானம், நம் வருமானம். கீழே கட்டம் கட்டமாகச் செலவுகள். வாடகை, உணவு, மின்சாரம். அதற்கப்புறம் உணவகம், உடற்பயிற்சி, செல்லப்பிராணி, பரிசுப்பொருள், விடுமுறைப் பயணம்.

“செல்லப்பிராணிக்கு என்ன எழுதுறது?”

“அண்ணனை எழுதுங்க.”

மடிப்பக்கா அந்தக் காகிதத்தைச் சாயங்காலம் மேஜைமேல் வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். அவர் கிளம்புகிற அவசரத்தில் சொன்னாள்: “நாளைக்கு நீங்க ஒரு பக்கம் எழுதுங்க, நான் வந்து ஒரு பக்கம் எழுதறேன். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

அவர் பகலில் எழுதினார். அவள் ராத்திரி எழுதினாள். வாடகையை இவர் எழுதினார், அதே வாடகையை அவளும் எழுதினாள். பால் இரண்டு தடவை, காஸ் இரண்டு தடவை. பஸ்ஸை இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள், மற்றவர் எழுதுவார் என்று. கூட்டிப் பார்த்தால், நாளைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு வரவேண்டியதுதான் என்று வந்தது. காகிதத்தில் அவர்கள் இரண்டு வீட்டில் குடியிருந்தார்கள்.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்போது அவர் சொன்னார்: “இது நமக்கு ஆகாது. இதுல எழுதுறதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்.”

“அதான் ஞாயித்துக்கிழமைன்னேன்.”

“ஞாயித்துக்கிழமை நான் தூங்குவேன்.”

“ஒரு ஞாயித்துக்கிழமை தூங்காட்டி என்ன? நானும் வேலைக்குப் போகல. உக்காந்து பேசி நாலு வருஷமாச்சு.”

நாலு வருஷம் என்றதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். “இறுக்கிக் கட்டாதே,” என்றார். அவள் இறுக்கிக் கட்டவில்லை.

நாலு வருஷம் என்பது அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கணக்கு. அவர்களுக்கு ஒரே பையன். முன்பு இருந்த வீடு இரண்டு அறை, பின்பக்கம் துணி காயப்போட இடம். வீட்டுக்காரர் அட்வான்ஸை உயர்த்திக் கேட்டார் என்று இரண்டு பேரும் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த பணத்தைப் பையன் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டாளியோடு கடை போட்டான். கூட்டாளி பணத்தோடு போய்விட்டான். கடைக்காக வாங்கிய கடன் இவர்கள் தலையில் விழுந்தது. வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தெருவே பார்க்க, ரொட்டிக்காரர் சொன்னார்: “இனிமே நம்ம கையிலேருந்து ஒரு காசு அவனுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நான் வீட்டை விட்டுப் போயிருவேன்.” பையன் அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து அவன் பேச்சு வந்ததில்லை. அவளும் எடுத்ததில்லை. புருஷனுக்கு ராத்திரி வேலையும் பெண்சாதிக்குப் பகல் வேலையுமாக அமைந்தது, எடுக்காமல் இருக்க வசதியாகவும் போயிற்று.

---

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது மழை சற்று விட்டிருந்தது. தலைமயிரிலும் புருவத்திலும் மாவு. குளித்துவிட்டு வந்து கட்டிலைப் பார்த்தார். அவள் கட்டில்மேல் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள், அவர் படுக்க முடியாதபடி.

“சதி பண்றியா?”

“ஆமா. தேத்தண்ணி குடிங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார்.

“இது எதுக்கு?”

“உன் காகிதத்தை எடுத்து வை. நான் எங்க வேலையில போடுற மாதிரி போடுறேன். இதைவிடச் சுளுவான கணக்கு உலகத்துல கிடையாது.”

சிமெண்டுத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். தேத்தண்ணீர் தம்ளர்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“பேக்கரியில கிலோவுல பேச மாட்டோம். மாவு எவ்வளவோ, அதுதான் நூறு. மத்ததெல்லாம் அந்த நூறுக்கு எவ்வளவுங்கிறதுதான் கணக்கு. தண்ணி அறுபது. உப்பு ரெண்டு. சர்க்கரை ஆறு. மாவு அஞ்சு கிலோன்னாலும் அதே, ஐம்பது கிலோன்னாலும் அதே. புது ஆளு வந்தாக்கூட ஒரு நாள்ல பிடிச்சுக்குவான்.”

“நம்ம வீட்டுல மாவு எது?”

“சம்பளம். உன்னதும் என்னதும் சேர்த்து. பகல் சம்பளத்தையே வெச்சுப் போடுறேன், பாத்துக்க.” தரையில் பெரிதாக நூறு என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டார். “வாடகை?”

வாடகையை அவள் சொல்ல, அவர் மனதுக்குள் வகுத்து முப்பது என்று எழுதினார். கை வேகமாக ஓடியது. கட்டுப் போட்ட கை என்றே தெரியவில்லை. அவரை இப்படி வேலை செய்கிறவராகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவள் நினைத்தாள். அரிசி, காய், பால், எண்ணெய், முட்டை எல்லாம் சேர்த்து முப்பத்தொன்று. காஸ், கரண்டு, தண்ணீர் ஒன்பது. பஸ் ஏழு. மருந்து ஆறு. போன் இரண்டு. பழைய கடனுக்குக் கட்டுவது பத்து.

“என் கைச்செலவு ஒம்போது போடு,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுதினார். “உனக்கு?”

“சில்லறைச் செலவுன்னு எட்டு போடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. கோடு கிழித்துக் கூட்டினார்.

“நூத்திப் பன்னெண்டு.” முகம் மலர்ந்தது. “அடேயப்பா, நல்லா வந்திருக்கே! நான்கூட எங்கயோ போய் நிக்கும்னு நினைச்சேன்.”

அவளுக்கு உயிர் வந்தது. “அப்பச் சரியா இருக்கா?”

“சரியாவா? ரொட்டிக்கே நூத்தி எழுபது, எழுபத்தஞ்சு வரும். இது வெறும் நூத்திப் பன்னெண்டு. இறுக்கமான மாவு. ஆனா நிக்கும்.”

அவள் தரையைப் பார்த்தாள். வட்டத்துக்குள் நூறு. கோட்டுக்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி பார்த்தாள்.

“ஏங்க.”

“ம்.”

“சம்பளம் நூறு. செலவு நூத்திப் பன்னெண்டு.”

“ஆமா.”

“மாவுல தண்ணி ஊத்தினா மாவு பெருகும். சம்பளத்துல வாடகைய ஊத்தினா சம்பளம் பெருகுமா?”

சாக்குக்கட்டி பிடித்த கை அப்படியே நின்றது. முப்பது வருஷமாக நூற்றுக்கு மேலே போகும் கணக்கையே போட்டுப் பழகிய மனுஷர். பெருகாத மாவு ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிமிஷம் கழித்துச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பன்னிரண்டு மட்டும் தரையில் இருந்தது.

“பன்னெண்டை எங்க குறைக்கிறது?” என்றாள்.

குறைக்கிற இடம் தேடி இரண்டு பேர் பார்வையும் மேலிருந்து கீழே இறங்கியது. வாடகையைத் தொட முடியாது. மருந்தைத் தொட முடியாது. கடனைத் தொட முடியாது. கடைசி இரண்டு வரியில் வந்து நின்றது.

“பீடி குடிக்கிறதில்ல. வேற பழக்கமும் கிடையாது. நூத்துக்கு ஒம்போது கைச்செலவு அப்படி என்னங்க?”

“ஒரு ஆம்பளைக்கு ஆயிரம் செலவு இருக்கும்.”

“ஆயிரத்துல ஒண்ணைச் சொல்லுங்க.”

“நீ சொல்லு. புடவை எடுத்து நான் பாக்கல. நகை நட்டு கிடையாது. எட்டு எங்க போகுது?”

“பொம்பளைக்கு ஆயிரம் இருக்கும்.”

வெளியே மறுபடி தூறல் பிடித்தது. அவர் எழுந்தார். “தூக்கம் வருது. துணிய எடு. முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிடுறேன். கணக்கு உதைக்குது, நான் என்ன பண்ண?”

அந்தக் குரலில் வருத்தத்தை விட ஒரு நிம்மதி கூடுதலாக இருந்தது அவள் காதில் விழுந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

“உக்காருங்க,” என்றாள். “நான் சொல்லிடுறேன். சொன்னப்புறம் வீட்டை விட்டுப் போறதா இருந்தாப் போங்க. அந்த எட்டு பையனுக்குப் போகுது.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“குண்டூசி போன்லேருந்து அனுப்புறேன். டப்பாவுலேருந்துதான் எடுக்கிறேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கேன். வேலை நிலையா இல்லைங்க அவனுக்கு. சாப்பிட்டானா இல்லையான்னு தெரியாம எனக்குத் தொண்டையில இறங்கல. இப்ப நீங்க என்ன வேணா சொல்லுங்க.”

“எப்போலேருந்து?”

“அவன் போன மூணாம் மாசத்துலேருந்து.”

அவர் மெதுவாகக் கட்டில் ஓரத்தில், துணி அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுக்கு சாய்ந்து விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

“நான் ரெண்டாம் மாசத்துலேருந்து,” என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் நீர் வரும் என்று அவரே எதிர்பார்த்திருப்பார். வந்தது கோபம்.

“நீங்களா?”

“பேக்கரிக்கு ஒரு நாள் போன் பண்ணினான். பேசவே இல்ல, இருமிக்கிட்டே இருந்தான். கூட வேலை செய்யற பையன்கிட்டக் காசைக் குடுத்து அனுப்பச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல.”

“ஒரு காசு போகக் கூடாதுன்னது யாரு?”

“நான்தான்.”

“தெருவே பாத்துக்கிட்டு இருக்கிறப்பச் சொன்னது யாரு?”

“நான்தான்ங்கிறேனே.”

“நாலு வருஷமா அந்த டப்பாவைத் திறக்கிறப்பல்லாம் வாசலைத் திரும்பிப் பாத்துக்குவேன். சொந்த வீட்டுல திருடுற மாதிரி. நீங்க தூங்கறப்ப மூஞ்சியப் பாத்தாக்கூட பயம், கண்ணத் தொறந்து கேட்டுருவீங்களோன்னு. நீங்க என்னடான்னா…”  முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், கண்ணீர் வந்த மாதிரியும் வராத மாதிரியும். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா நான் சொன்ன சொல்லு என்னாறது?”

“அது இப்ப மட்டும் என்னாச்சு? நிமிந்து நிக்குதா?”

அவர் கட்டுத் துணியின் முடிச்சை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு வேறொன்று அவருக்கு உறைத்தது.

“அப்ப அவன் ரெண்டு பேர்கிட்டயும் வாங்கியிருக்கான்.”

“ஆமா.”

“மாசாமாசம். நாலு வருஷம். வாயைத் தொறக்கல பாரு. நம்மள ஏமாத்தியிருக்கான்.”

அவள் யோசித்தாள். “நீங்க சொல்லாதேன்னீங்க. நானும் சொல்லாதேன்னேன். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான். பொறந்ததுலேருந்து பெத்தவங்க பேச்சைக் கேட்டது இந்த ஒரு தடவைதான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“இதுக்குத்தான் பகல் வேலை வேண்டாம்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

“சாயங்காலம் வந்து உன் எதிர்ல உக்காந்து சோறு திங்கணும். தினம் உன் மூஞ்சியப் பாக்கணும். ஒரு நாள் நீ அவனைப் பத்திக் கேப்பே. எனக்குப் பொய் சொல்ல வராது. ராத்திரி வேலைன்னா பேச்சே இல்ல. கை வெந்தாலும் பரவாயில்லன்னு தோணிச்சு.”

“பைத்தியக்கார மனுஷன்,” என்றாள்.

 அடுத்த வீட்டில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள். அவள் நகர்ந்து தரைக் கணக்கின் பக்கம் போய் உட்கார்ந்தாள். சாக்குக்கட்டியை அவள் எடுத்துக்கொண்டாள்.

“ஒம்போதும் எட்டும். ரெண்டும் ஒரே செலவு. வாடகைய ரெண்டு தடவை எழுதின மாதிரிதான். ஒண்ணை அழிக்கலாம்.” எட்டை ஈரக் கையால் தேய்த்தாள். “நூத்தி நாலு.”

“இன்னும் நாலு உதைக்குது.”

“சாயங்காலம் நீங்க வீட்டுல இருந்தா ஒரு தடவை சமைச்சாப் போதும். இப்ப ரெண்டு தடவை அடுப்பு, ரெண்டு தடவை அரிசி, ஆறிப்போச்சுன்னு கொட்டுறது வேற.” காஸ் வரியில் ஒன்பதை எட்டாக்கினாள். முப்பத்தொன்றை இருபத்தொன்பதாக்கினாள்.

“நூத்தியொண்ணு,” என்றார் அவர். கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்கே வந்துவிட்டிருந்தார்.

“அந்த ஒண்ணு கிடக்கட்டும். நாலு நாள் நடந்து போனாச் சரியாப் போகும்.”

“ஒண்ணை நிறுத்தினா அவனுக்குத் தெரிஞ்சு போயிருமே.”

“என்ன தெரியும்?”

“நாம பேசிக்கிட்டோம்னு.”

“தெரியட்டுமே,” என்றாள். “தெரிஞ்சா என்ன? நாமளே சொல்லிடலாம்.”

“இப்பவா?”

“இப்ப விட்டா நீங்க தூங்கிருவீங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போயிருவேன். அப்புறம் எப்ப?”

அவள் போனை எடுத்தாள்.  அவர் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர் மாதிரி. மணி அடித்தது. அவள் சத்தத்தைப் பெரிதாக வைத்துத் தரையில், இரண்டு பேருக்கும் நடுவில் போனை வைத்தாள்.

“அம்மா? என்னம்மா, நீங்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதானே பேசுவீங்க. இன்னிக்கு லீவாச்சே?”

“லீவுதான்டா. சும்மாதான். அப்பா பக்கத்துல இருக்காரு.”

மறுமுனையில் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது.

“பக்கத்துலயா?” குரல் மாறிவிட்டது. “அப்பா இந்நேரம் தூங்கணுமே. ரெண்டு பேரும் ஒண்ணா எப்படி… யாருக்கும்மா என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா? மறைக்காமச் சொல்லும்மா!”

 பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் விழித்திருக்கிறார்கள் என்றால் வீட்டில் சாவோ நோயோ இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைக்கும்படி ஆயிருக்கிறது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் குனிந்து போனுக்குக் கிட்டே வந்தார்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. ரெண்டு பேரும் முழிச்சிருக்கோம். அவ்வளவுதான்.”

“அப்பா.”

“ஆமா. நான்தான். உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. எனக்கும் தெரிஞ்சு போச்சு. பயப்படாதே. அடுத்த மாசத்துலேருந்து ரெண்டு வராது, ஒண்ணுதான் வரும். ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்புறது. கொஞ்சம் கஷ்டப்படுவே. பாத்துக்க.”

“சரிப்பா.” மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “நான் ஒண்ணை வேண்டாம்னு சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். யாரோடத வேண்டாங்கிறதுன்னு தெரியல. ஒருத்தரோடத நிறுத்தினா அவங்க என்கிட்டப் பேசுறதும் நின்னு போயிருமோன்னு…”

ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலாளியிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லாதவர், எப்போதோ சொல்லி முடித்த மாதிரி சொன்னார்:

“நான் பகல் வேலைக்கு மாறிட்டேன்.”

அவள் இறுகப் பிடித்திருந்த சாக்குக்கட்டி கையில் பொடிந்தது.

“நிஜமாவாப்பா?”  பிறகு சந்தேகத்தோடு கேட்டான்: “அப்ப நான் இனிமே எப்பப் பேசுறது? மத்தியானம் அம்மாகிட்ட, பொழுது சாயறப்ப உங்ககிட்டன்னு பழகிப் போச்சு.”

அவர் பெண்சாதி முகத்தைப் பார்த்தார், நீயே சொல் என்பது போல. அவள் போனுக்கு மேல் குனிந்தாள்.

“ராத்திரி பேசுடா. சாப்பாடு முடிஞ்சப்புறம். ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்போம்.”